வேலாயி பேருக்கு ஒரு பிடி

1

கண்டி ஆஸ்பத்திரியில் எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்த ஒரு பெண், கட்டிலை விட்டு இறங்காமலே, மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் அந்த மாதம் எல்லாரையும்விட அதிகமாகக் கொழுந்து எடுத்தாள். தொரை கையால் பரிசும் வாங்கினாள். இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மூன்றாவது கண் இருந்திருந்தால் அதாலும் பார்த்திருப்பேன்.

நீங்கள் நம்பப் போவதில்லை. பரவாயில்லை, நம்பாதவர்களுக்குக் கதை சொல்லித்தான் எனக்குப் பழக்கம். நான் தோட்டத்துத் தப்பால்காரனாக இருந்து ஓய்ந்தவன். தபால் பையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கும் தோட்டத்துக்கும் நடந்த கால்கள் இவை. எழுதத் தெரியாத சனங்களுக்குக் காகிதம் எழுதிக் கொடுத்த கையும் இதுதான். கூரை ஒழுகும் ஒற்றை அறைக் காம்பராவில் சாக்கை விரித்துப் படுத்தவனை, திருச்சியிலிருந்த அவன் மச்சானுக்காக மாடி வீட்டில் குடிவைத்தேன். கஞ்சி குடித்தவனைப் பிரியாணி தின்னவைத்தேன். கடிதத்தில் ஒருவரையும் நான் ஏழையாக விட்டதில்லை.

இந்தக் கதை பிறந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த 1965 தை மாதம், சிவகாமி தன் தாய்க்குத் தெவசம் கொடுத்தாள். சிவகாமி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய தாய்தான் வேலாயி, நான் மேலே சொன்ன கட்டில்காரி. இலையில் சோறு விழுந்தது. நான் பிசைந்ததோடு சரி, தின்னவில்லை. ஏனென்றால் வேலாயி செத்தது தை மாதத்தில் இல்லை.

அந்தச் சரியான நாள் தெரிந்தவர்களில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் கடைக்கார லாபிர் நானா, அவருக்கு இப்போது காலையில் தின்றது மத்தியானம் ஞாபகமில்லை. மற்றவன் நான். வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. ஆகவே லாபிர் நானா கடையிலேயே ஒரு கட்டுக் காகிதம் வாங்கி, கடையின் பின்னறையிலேயே கதை எழுத உட்கார்ந்தேன். பொய்களுக்கு நடுவில் ஒரு நாளைச் செருகிவிட்டால், அவளாகவே எடுத்துக்கொள்ள மாட்டாளா?

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

*பனி படர்ந்த மலைகள் மௌனமாய் அழுதுகொண்டிருந்த அந்த ஆவணி மாதக் காலையில், வேலாயி என்னும் பேரழகி*

சிவகாமி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எழுதினதைப் படித்துப் பார்ப்பாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்துக்கூட்ட மாட்டாள், கடகடவென்று படிப்பாள். இந்த வரியோடு நிறுத்திவிட்டாள்.

"எங்கம்மா பேரழகியா?"

"கதைக்காகம்மா."

"முன்பல்லு ரெண்டும் இல்லாத பேரழகியா மாமா?"

அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டாவது ஆரம்பத்தில் ஒரு சிறுத்தை வந்தது. அதையும் அவள் விரட்டிவிட்டாள். ("மஸ்கெலியா டவுனு வரைக்கும் உங்க பின்னாலயே வந்துச்சா? பஸ்ஸுக்குக் காசு இல்லையாக்கும்.") மூன்றாவதில் நேராக விஷயத்துக்கு வந்தேன். அதுதான் அடுத்த பகுதி. அதில் பொய் மிகக் குறைவு. எனக்கே படிக்க ருசியாக இல்லை.

3

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாத் தோட்டத்திலும் இருந்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் மலையில் நாலைந்து சிநேகிதர்களுக்குள் இருந்தது. அதைத் தொடங்கினவள் வேலாயி.

கொழுந்து எடுக்கிறவள் அன்றன்றைக்கு இவ்வளவு ராத்தல் எடுத்தால்தான் அவளுக்கு ஒரு 'பேர்', அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். வேலாயியின் சிநேகிதி மூக்காயி பிள்ளை பெற்று எழுந்து, பச்சை உடம்போடு மலைக்கு வந்த முதல் நாள், அவள் கூடை பாதிக்கு மேல் ஏறவில்லை. நிறுக்கிற இடத்துக்குப் போகும் வழியில் வேலாயி தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் வந்த என் பெண்சாதி ராசம்மாவும் ஒரு பிடி போட்டாள். மூக்காயிக்கு முழுப்பேர் விழுந்தது.

அவ்வளவுதான் சங்கம். தலைவர் இல்லை, பொருளாளர் இல்லை. யாராவது விழுந்தால் ஆளுக்கு ஒரு பிடி. கொழுந்து எடுக்காத நான் என்ன போடுவது? காய்ச்சல் கண்டவளுக்கு டவுனிலிருந்து மருந்து சுமந்து வந்தேன். லாபிர் நானா கடையிலிருந்து ரொட்டியும் சீனியும் போட்டார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டில் காய்ச்சும் கஞ்சிக்கு எங்கள் பெண்கள் விறகு போட்டார்கள்.

கோயில் திருவிழாவில் தேங்காய் கொடுத்தவன் பெயரைக்கூட ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அவன் அடுத்த வருஷம் தேங்காய் கொடுக்க மாட்டான். எங்கள் கூட்டத்தில் அதற்கு நேர் எதிராக ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். யார் எவ்வளவு போட்டது என்று மற்றவரிடம் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு அழகானது என்று நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். எங்களைக் கவிழ்த்தது அதே கட்டுப்பாடுதான்.

4

1953ஆம் ஆண்டு ஆவணியில் வேலாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையில் உட்கார்ந்தாள். புருஷன் இல்லாதவள். சிவகாமிக்கு அப்போது பதினொரு வயது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, இது இங்கே ஆகிற காரியமில்லை, கண்டிக்குப் போ என்றார்கள்.

கண்டிக்குப் போவதில் அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் காம்பராவைப் பற்றித்தான். புதிதாக வந்திருந்த தொரையின் சட்டம் அப்படி. நீண்ட நாள் வேலைக்கு வராதவளுக்குத் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டு. பேர் இல்லாத வீட்டுக்குக் காம்பரா இல்லை. சிவகாமிக்குப் பேர் பதிய வயது காணாது, தையில்தான் பன்னிரண்டு. தாய் பேர் போனால் பிள்ளை லயத்து வரிசை வீட்டுக்கு வெளியே.

"தைக்கு அவளுக்குப் பேரு பதிஞ்சிரலாம்," என்றாள் வேலாயி, பஸ் ஏறும்போது. "அதுவரைக்கும் என் பேரு விழாம பார்த்துக்கிருவியா ராசம்மா?"

"நீ வாய மூடிட்டு ஏறு. உன் பேரு எங்க ஓடிப்போகுது?"

ராசம்மா சொன்னதைச் செய்கிறவள். அவள் செய்ததை நான் கூட்டாமல் சொல்கிறேன், நம்புங்கள். தன் கூடையை நிறுத்துப் போட்டுவிட்டுத் தேயிலைக்குப் பின்னால் போவாள். முக்காட்டை மாற்றுவாள். அங்கே மறைத்து வைத்திருக்கும் வேலாயி கூடையில் எல்லாரும் நாள் முழுக்க ஆளுக்கொரு பிடியாகப் போட்டு நிரப்பியிருப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நிற்பாள்.

கணக்கப்பிள்ளை முத்துலிங்கத்துக்கு ஒரு கர்வம். தலை நிமிராமலே குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாராம்.

"யாரு?"

"வேலாயிங்கய்யா," என்பாள் ராசம்மா, முன்பல் இல்லாதவள் மாதிரி காற்றை விட்டு.

பக்கத்தில் நிற்கும் மூக்காயி அவளுக்குப் பதிலாக இருமுவாள்.

"என்ன புள்ள, இன்னும் இருமல் போகலையா?"

"போகுதுங்கய்யா, போகுது."

(சிவகாமி இந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்தாள். "கணக்கப்பிள்ளைக்கு என்ன காதுல பஞ்சா? அத்தை ஒரு மைல் தூரத்துல பேசினாலே தெரியும். இது நடக்கல மாமா." நடந்தது என்றேன். "நடக்கல" என்றாள்.)

5

இனிமேல்தான் கட்டுப்பாட்டின் விளையாட்டு.

ஆரம்பத்தில் மூன்று பேர் பிடி போட்டார்கள். அது சரியாக ஒரு பேருக்குப் போதும். ஆனால் லயத்தில் சுவர் மெல்லியது. அடுத்த காம்பராவுக்குத் தெரிந்தது, பிறகு அடுத்த லயத்துக்கு, பிறகு மேல்மலைக்கு. ஒருத்திக்கும் மற்றவள் எவ்வளவு போட்டாள் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. ஒவ்வொருத்தியும், நாம் போடாவிட்டால் பாவம் வேலாயி பேர் விழுந்துவிடுமே என்று ஒரு பிடிக்கு இரண்டு பிடி போட்டாள். வேலாயியோடு தண்ணீர்ப் பீலியில் சண்டை போட்டுப் பல்லை உடைத்தவளே மூன்று பிடி போட்டாள். கூடை பொங்கியது. கூடைக்கு மேல் கோபுரம் எழும்பியது. ராசம்மா அதைத் தூக்கும்போது மலையே ஒரு பக்கம் சாய்ந்தது.*

* மலை சாயவில்லை. ராசம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தது நான்தான்.

"கொஞ்சமாப் போடுங்கடி," என்று சொல்லிவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? கொடுக்கிற கையைத் தட்டிவிட்டால், நாளைக்கு அந்தக் கை வருமா?

ஐப்பசியில் தொரை கணக்குப் பார்த்தார். மாதத்தில் அதிகக் கொழுந்து எடுத்தவள் வேலாயி! வருகிற சனிக்கிழமை பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற அந்தத் திடலில், எல்லார் முன்னாலும், அவளுக்கு ஒரு சிவப்புக் கம்பளி கொடுப்பதாக அறிவித்தார்.

நாங்கள் சிரித்தோம், ஐயா. சிரித்துச் சிரித்து மூக்காயிக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

6

இந்தப் பகுதியை நான் பல தடவை எழுதினேன். ஒரு தடவை லாபிர் நானாவைக் குதிரையில் வரவழைத்தேன். ஒரு தடவை மழையைக் கொட்டவைத்தேன். ஒரு தடவை

இல்லை. வெள்ளிக்கிழமை. வெயில். நான் தபால் பையோடு கடைக்குள் போனேன். லாபிர் நானா சரக்கு எடுக்கக் கண்டிக்குப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய் வேலாயியைப் பார்த்துவிட்டு வருவார். எங்களில் அவளைப் போய்ப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஒரு நாள் கண்டிக்குப் போனால் ஒரு பேர் போய்விடும். பேர் போனால் பிடி எங்கிருந்து போடுவது? அந்தக் கணக்கு அப்போது சரியாகத்தான் பட்டது.

"நானா, சங்கதி கேட்டீங்களா? நம்ம வேலாயிக்குப் பரிசு!"

அவர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டை இறக்கி வைத்தார்.

"அழகுமுத்து, வேலாயி நேத்து மவுத்தாப் போயிட்டா."

நான் பையை இறக்கவில்லை.

"கேட்டு வர ஆள் இல்லைண்டு ஆஸ்பத்திரிக்காரங்களே அடக்கப் பார்த்தாங்க. நான் நிண்டுட்டேன். உங்கட மந்திரம் ஒண்டும் எனக்குத் தெரியாது. மூணு பிடி மண்ணு போட்டேன். சரிதானே?"

"சரிதான் நானா."

"பிள்ளையைக் கேட்டுட்டே இருந்தாளாம்."

வியாழக்கிழமை. ஐப்பசி. தேய்பிறை பஞ்சமி. நான் சொல்ல வேண்டியிருந்த நாள் இதுதான். எழுதிவிட்டேன். கதையை இங்கேயே நிறுத்தலாம். ஆனால் சனிக்கிழமைப் பெரட்டு இருக்கிறது.

7

அன்று சாயங்காலம் பீலிக்கரையில் நாங்கள் பேசினது கொஞ்சம்தான். மூக்காயி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். சாவு என்று தெரிந்தால் பேர் வெட்டு. தைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்கிறது.

"அண்ணே, புள்ளைக்காச்சும் சொல்லணும்ல," என்றாள் மூக்காயி.

"சொன்னா அழுவும்," என்றாள் ராசம்மா. "பச்சைப் புள்ள, சத்தமில்லாம அழத் தெரியுமா அதுக்கு? அந்தச் செவத்துல காதை வெச்சா மறு காம்பரா இருமுறது கேக்குது. பேரு பதிஞ்ச அன்னைக்குச் சொல்லிக்கிருவோம். பாவம் என் தலையில இருக்கட்டும்."

இழவுக்குத் தப்பு அடிக்கவில்லை. ஒரு வாய் ஒப்பாரி இல்லை. பிள்ளைக்கு ராசம்மா சோறு பிசைந்து ஊட்டினாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு யாராவது ஊட்டுவார்களா? ஊட்டினாள்.

சனிக்கிழமை பெரட்டுக்களம். இரண்டு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் மாதிரி: தொரை "வேலாயி!" என்று கூப்பிடுகிறார். கூட்டம் விலகுகிறது. கண்டியிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கின வேலாயி, நல்ல சிவப்புச் சேலையில், முப்பத்திரண்டு பல்லும் தெரிய

(இந்த ஒரு தாளை மட்டும் முன்னமே காட்டினேன். சிவகாமி படிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.)

இரண்டாம் மாதிரி: தொரை "வேலாயி!" என்று கூப்பிட்டார். ராசம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றாள். அவளைத் தொரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அவருக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒரே முகம். அன்றைக்கு மட்டும் அதற்காக நான் சந்தோஷப்பட்டேன்.

"வேலாயி, நீ ரொம்ப நல்ல ஆள்," என்றார் தொரை, தனக்குத் தெரிந்த தமிழில். "ஒரு நாள் கூட நிக்காமல் வேலை. நோவு ஒண்ணும் இல்லையா?"

"இல்லைங்க தொரை," என்றாள் ராசம்மா. "இனிமே ஒரு நோவும் இல்லை."

கம்பளி கைக்கு வந்தது. அதை நெஞ்சோடு அணைத்தாள். அப்புறம் உடைந்துவிட்டாள். "அடி வேலாயி!" என்று வரவேண்டியது, வேலாயியாக நிற்கிறவள் தன் பெயரையே சொல்லி அழ முடியாதே! வெறும் "ஆத்தா, ஆத்தா" என்று வந்தது. மூக்காயி தொடங்கினாள். செய்தி தெரிந்த நாலைந்து பேர் தொடங்கினார்கள். தெரியாதவர்களுக்கும் எப்படியோ தெரிந்துபோனது. அந்தக் களத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். களம் கண்ணீரில் வழுக்கியது. ஆற்றில் தண்ணீர் ஏறியது, ஹட்டன் போகிற பஸ் பாலத்தில் நின்றுவிட்டது.*

* பஸ் நிற்கவில்லை. மற்றது நடந்தது.

தொரைக்குத் திகைப்பு. கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். முத்துலிங்கம் அன்றைக்குத் தலை நிமிர்ந்திருந்தார். ராசம்மா முகத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சந்தோசத்துல அழுவுதுங்க தொரை," என்றார். "இதுங்களுக்கு யாரும் பரிசு குடுத்ததில்லை."

தொரையின் கண்ணும் கலங்கியது. எல்லாருக்கும் ஆளுக்கொரு பணிசு ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுக்கச் சொன்னார். சாவு வீட்டில் கொடுக்கிற மாதிரி நாங்கள் வாங்கிக் குடித்தோம்.

சிவகாமி களத்தின் ஓரத்தில், வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ராசம்மா போய்க் கம்பளியை அவள் மேல் போர்த்தி, "உங்கம்மாவுக்குக் குடுத்தது, வந்ததும் அவகிட்ட குடு" என்றாள். பிள்ளை தலையை ஆட்டினாள்.

8

அப்புறம் என்ன? செத்துப்போன வேலாயி தை வரைக்கும் கொழுந்து எடுத்தாள். இந்தத் தடவை அளவாக. சிவகாமிக்குப் பேர் பதிந்தது. மறுநாள், கண்டியிலிருந்து இப்போதுதான் சேதி வந்தது என்று சொல்லித் தப்படித்து இழவு வைத்தோம். சிவகாமி அழுதாள், ஆனால் சத்தமில்லாமல். நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னோம். காம்பரா தங்கியது. இதைப் பெருமையாகத்தான் சொல்ல நினைத்தேன். நாலைந்து சிநேகிதர்கள் வெறும் கைப்பிடியால் ஒரு வீட்டை நிறுத்தினோம் என்று மார்தட்டுவதற்கும் சேர்த்துத்தான் காகிதம் வாங்கினேன்.

மூக்காயி முன்னமே போய்விட்டாள். ராசம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொரு தையிலும் அந்தத் தெவசத்துக்குச் சோறு ஆக்கினது அவள்தான். ஆக்கிவிட்டுத் தான் ஒரு பருக்கை தின்னமாட்டாள். "நாளு தப்புன சோறு அவளுக்குப் போய்ச் சேருமாங்க?" என்று கேட்பாள். நான் ஏதாவது பொய் சொல்லுவேன். என் பொய்களில் அவள் நம்பாதது அது ஒன்றுதான்.

ஆகவே முடிவு. சில முடிவுகளை யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் சிவகாமி இதைப் படித்து என்னைத் திட்டுகிறாள். ஒன்றில் படித்துவிட்டு, வழக்கம்போல, நடக்கவில்லை என்று சிரிக்கிறாள். ஒன்றில், இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார் இருக்கிறவர்கள் யார் என்று ஒப்பந்தத்தில் எல்லாரையும் பிரிக்கப் போகிறார்களாமே, அதில் அவள் கப்பலேறிவிடுகிறாள், காகிதம் என்னிடமே

எதுவும் சரியாக இல்லை. நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த இடத்தை அவளுக்காக விட்டுவைக்கிறேன். அடுத்த பகுதியில் நான் ஒரு வரியும் கூட்டப் போவதில்லை. தப்பால்காரன் சத்தியம்.

9

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். எட்டுப் பகுதியையும் படித்தாள். வெகுநேரம் ஆறாம் பகுதியிலேயே இருந்தாள். பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பஞ்சமின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"சஷ்டியில்லையா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் சஷ்டின்னு நெனச்சுட்டு இருந்தேன். பெரட்டுக்கு முந்தின நாளா இருக்கும்னு."

"நீ எப்படி...?"

"ஐப்பசியில ஒரு நாள் பிள்ளைக்காம்பராவுக்கு லீவு போடுவேனே. எங்க போறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா மாமா? கண்டிக்குப் போவேன். எந்த எடம்னு தெரியாது. வாவிக்கரையில ஒரு பிடி சோறு வெச்சிட்டு வருவேன்."

"அப்ப இந்தத் தை மாசத் தெவசம்?"

"அது அத்தைக்காக. அவங்க போன பிறகும் நிறுத்த மனசு வரல. எங்களுக்காக இவ்வளவு செஞ்சவங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும்? தெரியாத மாதிரியே இருந்துட்டேன்." மடியில் இருந்த காகிதத்தை நீவிவிட்டாள். "அவங்க தின்னாம இருந்தது எனக்குத் தெரியாது மாமா. விரதம்னு சொல்லுவாங்க. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, அவங்க காதுல மட்டும்."

"என்கிட்ட நடக்கல நடக்கலன்னு சொன்னியே?"

"பின்ன என்ன சொல்றது? ஆமான்னு ஆரம்பிச்சா நிறுத்த முடியுமா?"

வெளியே கடையில் லாபிர் நானா யாருக்கோ சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கமாகப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"நடந்துச்சு மாமா. நான் வேலிகிட்டத்தானே நின்னேன். அத்தனை பேரும் மாரடிச்சு அழுதாங்க. ஒரு கம்பளிக்கு யாராச்சும் அப்படி அழுவாங்களா?"